ஊசி போட்ட நாளைக் குறித்து வைக்க யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூர் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்க ஊர் திரும்பிய இளைஞர்களைப் பற்றியும், வீட்டுப் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாணவிகளைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அடிக்கடி படித்து மகிழ்கிறேன். அந்தக் கட்டுரைகளில் கொட்டகையின் நீள அகலம் இருக்கிறது. குட்டியின் விலை, தீவனச் செலவு, ஆண்டு முடிவில் கையில் நின்ற தொகை ஆகிய எல்லாமே இருக்கின்றன. விற்ற ஆட்டுக்குக் கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, அதிலிருந்து எத்தனை நாள் கழித்து அது சந்தைக்குப் போனது என்ற ஒரு வரியை மட்டும் நான் இதுவரை எதிலும் பார்த்ததில்லை. எழுதியவரைக் குறை சொல்லவில்லை. வளர்த்த இளைஞருக்கே அது தெரிந்திருக்காது, ஏனென்றால் அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் கரிசல் காட்டுக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே என் பங்கையும் ஒப்புக்கொண்டுவிட்டே மேலே எழுத வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போட்டுவிட்டு, 'தண்ணீர் காட்டுங்கள், நாளை பார்ப்போம்' என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேனே தவிர, 'இந்தப் பாலை இத்தனை நாள் ஊற்றாதீர்கள், இந்தக் கிடாயை இத்தனை நாள் அறுக்காதீர்கள்' என்று சொன்னது கிடையாது. ஒருநாள் ஒரு அம்மா பால் பாத்திரத்தோடு வந்து நின்றார். இரண்டு நாளாகப் பிரை ஊற்றியும் பால் தயிராக உறையவில்லை என்றும், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் புலம்பினார். அந்த மாட்டுக்கு மடிநோய்க்காக மூன்று நாளாக ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவந்தவன் நான்தான். பாலில் இறங்கியிருந்த மருந்து, உறை மோரில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றிருக்கிறது. பால் உறையாததற்கு அதுதான் காரணம். அன்றைக்கு அந்தப் பாலில் பாதியை வீட்டுப் பிள்ளைகள் குடித்திருந்தார்கள், மீதி பால் சொசைட்டிக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் நான் நாள் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன்.

மருந்து உடலை விட்டு நீங்கும் வரை காத்திருக்க வேண்டிய இந்த நாள்களைக் காத்திருப்புக் காலம் என்று வைத்துக்கொள்வோம். இது எவருடைய விருப்பத்துக்கும் விடப்பட்ட விஷயம் அல்ல. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கான மருந்துகளின் மேலுறையில் காத்திருப்புக் காலத்தை அச்சிட வேண்டும் என்று 2012 ஜனவரியில் மத்திய அரசு மருந்து விதிகளைத் திருத்தியது. குறிப்பிட்ட மருந்துக்குத் தனியாக நாள் வரையறுக்கப்படவில்லை என்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், ஆடு மாடு கோழி இறைச்சிக்குக் கொழுப்பும் குடல் ஈரல் முதலியவையும் உட்பட குறைந்தது 28 நாள் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. விதி வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று ஏதாவது ஒரு கிராமத்தில் ஆடு வளர்க்கும் பத்து இளைஞர்களை நிறுத்தி 28 என்ற எண் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் எனக்கு வியப்பாக இருக்கும். அவர்கள் படிக்காதவர்கள் அல்லர், பலர் பட்டதாரிகள். ஆனால் மருந்துப் புட்டியின் உறையில் அந்த விவரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கிறது. உறையோ ஊசி போட்ட உடனேயே வேலியோரத்தில் கிடக்கிறது.

எங்கள் பகுதியில் நடப்பதைச் சொன்னால் விஷயம் தெளிவாக விளங்கும். எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு, அதிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், வெள்ளாட்டுக் கிடாய்களும் செம்மறிகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அந்த விற்பனையை நம்பித்தான் பல இளைஞர்கள் ஆறேழு மாதம் முன்பே குட்டிகளை வாங்கி வளர்க்கிறார்கள். புரட்டாசி மழை விழுந்ததும் ஆடுகளுக்குக் கழிச்சல் வரும், உண்ணி ஏறும், உடல் தேறாது. சந்தைக்குள் தேற்றிவிட வேண்டும் என்ற பதற்றத்தில், கைப்பேசியில் பார்த்த காணொளியின் அறிவுரைப்படி ஐவர்மெக்டின் ஊசியை வாங்கித் தாங்களே போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் புழுவையும் வெளியே இருக்கும் உண்ணியையும் ஒருசேரக் கொல்லும் நல்ல மருந்துதான் அது. ஆனால் உடற்கொழுப்பில் தங்கி மெதுவாகக் கரைவது அதன் இயல்பு. ஐப்பசி முதல் நாள் போட்டால் அந்த மாதம் முடியும் தறுவாயில்தான் 28 நாள் கணக்கு நிறைவடையும். தீபாவளியோ பெரும்பாலும் அதற்கு முன்பே வந்து போயிருக்கும். ஆட்டின் பளபளப்பையும் முதுகுச் சதையையும் தடவிப் பார்த்து விலை பேசுகிற வியாபாரிக்கும், அதன் ஈரலைக் குழந்தைக்கு ஆக்கிக் கொடுக்கிற தாய்க்கும் இது தெரிய வழியே இல்லை. இதே மருந்தைச் சந்தைக்கு ஒன்றரை மாதம் முன்பே கொடுத்திருந்தால் ஆடும் தேறியிருக்கும், மருந்தும் வெளியேறியிருக்கும். செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. தேதியைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

கோழி வளர்க்கும் பிள்ளைகளின் கதை இதைவிடச் சிக்கலானது. குஞ்சு ஒன்று வாடி உட்கார்ந்தால் உடனே மனிதர்களுக்கான மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கலந்து எல்லாக் குஞ்சுகளுக்கும் வைத்துவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தால் பாதி மாத்திரைகள் மிச்சமாகும். இந்த நோய்க்கு ராணிக்கெட் என்றொரு பெயரும் உண்டு. நம் ஊர்களில் பலர் அது ராணிப்பேட்டையில் இருந்து வந்த நோய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது இமயமலைப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். நம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருப்பது தடுப்பூசி தயாரிக்கும் நிலையம். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் அரசே இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. முகாம் நடக்கும் நாளில் கோழிகளை விடிவதற்கு முன்பே கூண்டைத் திறந்து மேய விட்டுவிடுவதும், பிறகு மார்ச் வெயிலில் அவை கொத்துக் கொத்தாகச் சாகும்போது மருந்துக் கடைக்கு ஓடுவதும் நான் ஆண்டுதோறும் பார்த்த காட்சி. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, கலக்கிய பின் சற்று நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், முகாமுக்கு வந்தவர் உங்கள் கோழி மேய்ந்து திரும்பும் வரை காத்திருக்க மாட்டார்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். மற்ற மருந்துகள் எல்லாம் தோற்ற பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று அது. அதே மருந்து கோழித் தீவனத்தில் எடை கூட்டுவதற்காகக் கலக்கப்பட்டு வந்ததால், 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் அதை விற்பதும் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டன. பெரிய பண்ணைகளுக்கு இத்தகைய தடைகள் சுற்றறிக்கையாகப் போய்ச் சேர்ந்துவிடும், ஆய்வுக்கும் ஆள் வரும். இருநூறு கோழி வைத்திருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு யார் போய்ச் சொல்வது? டைகுளோஃபெனாக் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அந்த வலி மருந்து போடப்பட்ட மாடு இறந்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன என்று தெரிந்து 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளைக் காப்பாற்ற இன்றும் பாடுபடுகிறார்கள். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் மனிதர்களுக்கான டைகுளோஃபெனாக் ஊசியை வாங்கி வந்து போடும் இளைஞர்களை நான் ஓய்வு பெறும் ஆண்டு வரை பார்த்தேன்.

பாலைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முழுமை பெறாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்து, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. தண்ணீர் கலப்பும் யூரியா கலப்பும்தான் பெரிய பிரச்சினை என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த அறிக்கை வேறொன்றைக் காட்டியது. 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவை மீறி இருந்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் மீறி இருந்தது. அஃப்ளடாக்சின் பட்டியலில் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: எடுத்த 551 மாதிரிகளில் 88. நமக்கு வெட்கம் தர வேண்டிய இந்த எண் ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்துவிட்டது.

இந்த நச்சை யாரும் பாலில் கொண்டுபோய்க் கலப்பதில்லை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் முதலியவற்றில் ஈரம் ஏறினால் ஒருவகைப் பூஞ்சணம் பூக்கும். அது சுரக்கும் நச்சை மாடு தின்றால், அதன் ஈரலில் உருமாறி, ஓரிரு நாளுக்குள் பாலில் வந்து நிற்கும். காய்ச்சினால் போகாது. நம் அளவுகோலின்படி ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராம்தான் அனுமதி. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம், அதில் பாதி. அதே சமயம், பூஞ்சணத் தீவனத்தை நிறுத்தினால் சில நாள்களிலேயே பால் தெளிந்துவிடும் என்பது நல்ல செய்தி. ஆகவே இதற்கான பயிற்சி மிக எளிது. மூட்டையைத் தரையில் போடாமல் பலகையின் மேல் அடுக்க வேண்டும், சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படாத புண்ணாக்கை மழைக்காலத்தில் வாங்கி அடைக்கக் கூடாது, கட்டி தட்டிப் போனதையும் பச்சை பூத்ததையும் 'மாடுதானே, தின்றுவிடும்' என்று கொட்டக் கூடாது. கடைசியில் சொன்னது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம், ஏனென்றால் அது காசு கொடுத்து வாங்கிய மூட்டை. காரணம் புரியாதவரை எவரும் அதைக் குப்பையில் கொட்ட மாட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் கொழுப்பையும் இதரத் திடப்பொருளையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்பதால், இந்த நச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உற்பத்தியாளர் கையில் விழும் தொகை ஒன்றுதான். கட்டாயம் இல்லாத இடத்தில் அறிவு மட்டும்தான் வேலை செய்ய முடியும்.

விலங்கை நல்ல முறையில் வைத்துக்கொள்வது வேறு, உணவுப் பாதுகாப்பு வேறு என்று சிலர் பிரித்துப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள். நான்கு காலையும் கட்டி இருசக்கர வாகனத்தில் தலை தொங்கப் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிற ஆடும், சைக்கிளின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்குகிற கோழியும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். வேதனை தரும்படி விலங்கை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயந்து, தவித்து, தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் கிடந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. அறுத்த பிறகு அந்த இறைச்சியில் உண்டாக வேண்டிய இயல்பான புளிப்பு உண்டாவதில்லை; கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெட்டுப்போகிறது. அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிய சதையை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. எடை கூட்டிக் காட்ட, சந்தைக்கு வரும் வழியில் ஆட்டின் வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டுகிறவர்களும் உண்டு. தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி அந்த ஆடு மூச்சுத் திணறிச் சந்தையிலேயே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதினேழு வயதுப் பையன் ஒருவன், பக்கத்தில் நின்ற பெரியவர் செய்ததைப் பார்த்துச் செய்தான். அந்தக் குட்டியைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவன் அவன்தான். அன்று அவன் அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

சாகும் ஆடுகளில் கணிசமானவை அன்பினால் சாகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மீந்த சோற்றையும் பொங்கலன்று மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலையும் அண்டா அண்டாவாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைப்பார்கள். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் அந்த அரிசி நொதித்து அமிலமாகி, ஓரிரு நாளில் உயிரையே வாங்கிவிடும். பருவமழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் மேய்ந்த ஆடுகள் சில நிமிடங்களில் துடித்து விழுவது எங்கள் கரிசல் மண்ணில் புதிதல்ல. வாடிய சோளத்தட்டையில் ஊறும் சயனைடுதான் காரணம். பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டிய சீம்பாலை, நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று நிறுத்தி வைப்பதும் இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் நல்ல வழக்கத்துக்கு நான் எதிரியல்லன். குட்டியின் வயிறு நிறைந்த பிறகு அடுப்பில் ஏற்றட்டும் என்றுதான் சொல்கிறேன். சீம்பால் குடிக்காத குட்டி பிறகு மாதக்கணக்கில் நோயில் கிடக்கும், அதற்கு மருந்து மேல் மருந்து ஏறும், அந்த மருந்து கடைசியில் யார் தட்டில் வந்து விழும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

வளர்ப்பவரின் உடலும் இதில் இருக்கிறது. கன்று வீச்சு நோயில் விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளி எறிவது, எச்சில் ஒழுக நிற்கும் மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவது, திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் வடிந்து கிடக்கும் ஆட்டைக் குறைந்த விலைக்கு வெட்டிப் பங்கு போடுவது ஆகிய மூன்றையும் இளைஞர்களே முன்னின்று செய்கிறார்கள், ஏனென்றால் துணிச்சலான வேலைகள் எல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். முதலாவது நீண்ட நாள் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் தரலாம். இரண்டாவது வெறிநோயாக இருந்தால் உடனே தடுப்பூசி போட்டாலொழியத் தப்ப முடியாது. மூன்றாவது ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பானாக இருந்தால் வெட்டியவர், சமைத்தவர் ஆகியோரின் உயிருக்கு ஆபத்து என்பதோடு, இரத்தம் சிந்திய அந்த மண்ணும் பல பத்தாண்டுகள் நோய்க்கிருமியின் வித்துகளைச் சுமந்திருக்கும். அடைப்பான் சந்தேகம் உள்ள உடலை அறுக்கவே கூடாது, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பேரைக் காப்பாற்றும். வீட்டிலேயே கிடாய் வெட்டும்போது நீர்க்கட்டி இருக்கும் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நாயின் வயிற்றில் அது நாடாப்புழுவாகி, அதன் முட்டை நாயின் கழிவு வழியாக மறுபடியும் ஆட்டுக்கும், நாயோடு விளையாடும் குழந்தைக்கும் வந்து சேர்கிறது.

இவ்வளவையும் சொல்லித் தர நம்மிடம் ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நம்முடையது. 1989இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகத்தையும் அமைத்தோம். அதன் பயிற்சி மையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன, வேளாண் அறிவியல் நிலையங்களும் உள்ளன. அங்கே நடக்கும் பயிற்சிகளுக்கு நானே இளைஞர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். சொல்லித் தருகிறவர்கள் திறமையானவர்கள். ஆனால் வருகிற இளைஞர் கேட்பது எந்த இனம் வாங்கலாம், எவ்வளவு மானியம், வங்கிக் கடனுக்குச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதைத்தான். பயிற்சியும் அந்தக் கேள்வியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டுவிட்டது. கொட்டகையும் தீவனப் பயிரும் சந்தைப்படுத்தலும் பேசி முடிக்கும்போது மாலை நான்கு மணி ஆகிவிடுகிறது. மருந்து எச்சம் என்பது கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் ஐம்பது விழுக்காடு மானியத்தில் நூறு ஆடு, ஐந்நூறு ஆடு என்று பண்ணை வைக்கலாம். ஆட்டைக் கொடுக்கும் கை, அதனோடு ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டு உதாரணம் காட்டினால்தான் காது கொடுப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவில் 1902இல் ஒஹாயோ மாநிலத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய மன்றங்களிலிருந்து வளர்ந்த ஃபோர் எச் என்ற இயக்கத்தில், பிள்ளைகள் ஆளுக்கொரு பன்றியையோ ஆட்டையோ காளையையோ வளர்த்து மாவட்டக் கண்காட்சியில் ஏலம் விடுகிறார்கள். அந்த விலங்கு உணவாகப் போகிறது என்பதால், எட்டு வயது முதல் இருபத்தொரு வயது வரை உள்ளவர்கள் உணவுப் பாதுகாப்பு, விலங்கு நலன், நேர்மையான நடத்தை ஆகிய மூன்றையும் பற்றி ஒரு குறும்பயிற்சியை ஆண்டுதோறும் முடித்துச் சான்று பெற வேண்டும் என்று பல கண்காட்சிகள் விதித்திருக்கின்றன. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. நம் பிள்ளைகள் கோப்பைக்காக வளர்ப்பதில்லை, வயிற்றுக்காக வளர்க்கிறார்கள். ஆனால் வயதைப் பற்றி அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் பள்ளிவிட்டு வந்து ஆட்டைப் பட்டியில் அடைப்பதும், குட்டிக்குப் பால் புகட்டுவதும், கோழிக்குத் தண்ணீர் வைப்பதும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்தான். பயிற்சிக்கு மட்டும் அப்பாவை அழைக்கிறோம். அவர் வந்து, கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

ஆகவே மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்விப் பிரிவு இருக்கும் இடங்களிலும், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம்களிலும் இதற்கென ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்றும், மானியத்தில் ஆடோ கோழியோ பெறும் இளைஞர் எவராயினும் அந்த ஒரு நாளை முடித்த பிறகே பெற வேண்டும் என்றும், ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் கால்நடைப் பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாள் மண்டபத்தில் நாற்காலி போட்டு நடக்கக் கூடாது, கொட்டகையில் நடக்க வேண்டும். வெப்பமானியை வைத்து ஆட்டின் காய்ச்சலைப் பார்க்க ஒவ்வொருவரும் கற்க வேண்டும்; 102, 103 ஃபாரன்ஹீட் ஆட்டுக்கு இயல்பான சூடு என்று தெரியாமல், மனிதக் கணக்கில் காய்ச்சல் என்று எண்ணி ஊசி போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். மருந்து உறையைக் கையில் கொடுத்து, பெயர் எது, அளவு எது, காத்திருக்கும் நாள் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். தாங்களே ஊசி போடப் பழக்குவது என் நோக்கம் இல்லை. எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர், அவசரத்துக்கு அழைக்க 1962 என்ற எண் இருக்கிறது. மருத்துவர் வந்து போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் வளர்ப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மருத்துவர்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்ற பதில் வரும், அது உண்மைதான். என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு மூன்று பேராவது இருப்போம். பேருந்துக் கட்டணம் கொடுத்தால் வருவோம், கொடுக்காவிட்டாலும் சிலர் வருவார்கள்.

இதற்குத் தேவையான பெரிய செலவு ஒரு நோட்டுப் புத்தகம். ஆட்டின் அடையாளம், மருந்து கொடுத்த தேதி, மருந்தின் பெயர், அளவு, பாலோ இறைச்சியோ எந்தத் தேதியிலிருந்து உதவும் என்று ஐந்து கட்டங்கள் போட்டால் போதும். மாடுகளுக்குக் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டுகிறார்கள், அந்த எண்ணையே அடையாளமாக எழுதலாம். வில்லை இல்லாத ஆட்டுக்கு 'காது மூளி', 'நெற்றிச் சுட்டி' என்று பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரே போதும். வாங்க வரும் வியாபாரி அந்த நோட்டைக் கேட்கும் காலம் உடனே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு கடைக்காரராவது, ஒரு விடுதிக்காரராவது கேட்கத் தொடங்கினால், நோட்டு வைத்திருக்கும் பிள்ளை அன்று கூடுதலாக நூறு ரூபாய் கேட்க முடியும்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். வேளாண் பக்கத்தில் கால்நடை மருந்து எதையாவது குறிப்பிட்டு எழுதும்போதெல்லாம், அதன் பெயருக்குப் பக்கத்திலேயே பாலுக்கு எத்தனை நாள், கறிக்கு எத்தனை நாள், முட்டைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் மருத்துவரைக் கேட்டுத் தமிழில் அச்சிடுங்கள். தீபாவளிச் சந்தைக்கும் பக்ரீத் சந்தைக்கும் நாற்பது நாள் முன்பாக அதையே ஒரு கட்டம் கட்டிப் போட்டால், கத்தரித்துக் கொட்டகைத் தூணில் ஒட்டிவைக்க எங்கள் ஊரில் மட்டும் பதினைந்து வீடுகள் இருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.